அடுத்தவன் அடைத்த தோட்டா

2021 மே 8, சனிக்கிழமை. நெப்ராஸ்கா மணல்குன்றுகளுக்கு நடுவே உள்ள ஆல்டர் க்ரீக் ஊரில், வெண்டலின் துப்பாக்கிக் கடையில் முப்பத்தெட்டு தோட்டா ஒரு பெட்டிகூட இல்லை.

தோட்டா இருக்க வேண்டிய அலமாரியில் வெண்டல் தூண்டில் கம்பிகளையும் மாட்டுக்கு அடிக்கும் காதட்டைகளையும் அடுக்கி வைத்திருந்தான். நோய்க் காலத்தில் நாடு முழுக்க மக்கள் வாங்கிக் குவித்ததில் காலியான அலமாரி அது. துப்பாக்கிகளுக்கு மட்டும் குறைவில்லை. மூன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் பழைய கம்பளம் விரித்து வைத்தான்.

“காலி டப்பா சுடுறதுக்குத்தானே? மானும் இல்ல, நரியும் இல்ல?”

“டப்பாதான்,” என்றாள் காரா. “சும்மா, சாயங்காலத்துல கொஞ்ச நேரம்.”

காராவும் அவள் கணவன் ட்ரென்ட்டும் மார்ச்சில்தான் ஒமாஹாவை விட்டு இங்கே வந்தார்கள். ட்ரென்ட் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீடு செய்பவன். ஆலங்கட்டி மழையில் நொறுங்கிய கார்களின் படங்களை வீட்டிலிருந்தே பார்த்து விலை போடுவான். முப்பத்தாறு வயதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. மனைவியின் ஊரில் எல்லோரும் செய்வதைத் தானும் செய்ய வேண்டும் என்று அவனாகவே ஆசைப்பட்டான்.

“எனக்கு ஒண்ணு புரியல,” என்றான். “நீளத் துப்பாக்கிக்கு எதுக்குக் கைத்துப்பாக்கித் தோட்டா?”

வெண்டல் பதில் சொல்வதற்குள் காராவின் அப்பா மைலோ வானெக் முந்திக்கொண்டார். மாவட்டச் சாலைப் பிரிவில் மண்ணைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு சமப்படுத்த மண் இல்லாததால் மனிதர்களைச் சமப்படுத்துகிறார் என்பது அவர் மனைவி அர்டித்தின் கருத்து.

“தோள்ல இடிக்காது. காது கிழியாது. நீளக் குழல்ல போறதால குறி நிக்கும். முக்கியமா, நானே வீட்ல அடைச்சுக்கலாம். என் ரிவால்வருக்கும் அதே தோட்டா. மான் துப்பாக்கின்னா இருபது வெடில உனக்குப் போதும்னு ஆயிடும். இது பொழுது சாயுற வரைக்கும் சுடலாம்.”

“அவ்வளவுதான்,” என்றான் வெண்டல். “நான் கடையை இவன் பேர்ல எழுதிட்டுப் போயிடறேன்.”

மூன்றில் ஒன்று நாற்பத்தைந்து. அந்தத் தோட்டாவுக்கு ஈயம் அதிகம் பிடிக்கும் என்று மைலோ அதைத் தள்ளி வைத்துவிட்டார். மிச்சம் இரண்டு. ஒன்று 1892 மாதிரியில் செய்தது. கறுப்பு எஃகு, குட்டைக் குழல், பார்வைக்குத் தண்டவாளத் துண்டு போல இருந்தது. அது 357 தோட்டாவுக்கானது. 357 என்பது முப்பத்தெட்டின் அண்ணன். அதே பருமன், கொஞ்சம் நீளம், இரண்டு மடங்கு உதை. அண்ணனுக்குச் செய்த அறையில் தம்பியையும் போட்டுச் சுடலாம். மற்றது 1866 மாதிரி. நடு உடல் முழுவதும் பித்தளை. முப்பத்தெட்டு மட்டும்தான் அதில் போகும்.

காரா பித்தளையை எடுத்துத் தோளில் வைத்தாள். இடக்கைக்காரி. தோட்டா ஏற்றும் லீவரை அவள் கீழே தள்ளி மேலே இழுத்தபோது கதவுத் தாழ்ப்பாள் எண்ணெயில் வழுக்குவது போன்ற சத்தம் வந்தது.

“இதுதான்,” என்றாள்.

“அதைக் கீழ வை,” என்றார் மைலோ.

“ஏன்?”

“பித்தளை. சர்ச்சுல மணி செய்வாங்க அதுல. பின்னாடி தாங்குற பூட்டும் முழங்கால் மாதிரி மடங்குற பூட்டு. நூத்தைம்பது வருஷத்துக்கு முந்தின வேலை. அந்தக் கறுப்பைப் பாரு, பின்னாடி ரெண்டு எஃகுக் கட்டை ஏறி நிக்குது. அதுல என்ன போட்டாலும் தாங்கும்.”

“நான் என்னத்தப் போடப் போறேன்? நீ அடைக்கிற தோட்டாதானே? அது கொட்டாவி விடுற மாதிரி இருக்கும்னு நீயே சொல்வ.”

“சொல்லுவேன். இருந்தாலும்—”

“எனக்கு முப்பத்தி நாலு வயசாகுதுப்பா.”

“வயசுக்கும் பித்தளைக்கும் என்ன சம்பந்தம்?”

“இருக்கு,” என்றாள் காரா. துப்பாக்கியைக் கம்பளத்தின்மேல் வைத்துவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். ட்ரென்ட் வெண்டலையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நாங்க யோசிச்சு அடுத்த வாரக் கடைசில வர்றோம்,” என்றான்.

அவர்கள் போன பிறகு வெண்டல் கம்பளத்தைச் சுருட்டினான். “டேய் மைலோ, நீ கூட வராம இருந்தா இந்நேரம் ஒண்ணு வித்திருப்பேன்.”

மறுநாள் ஞாயிறு. மதியம் சர்ச்சிலிருந்து வந்ததும் மைலோ கராஜுக்குள் போய் மேசை முன் உட்கார்ந்தார். சண்டைக்குப் பிறகு சமாதானம் பேசத் தெரியாத மனிதர்கள் அந்தப் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் வேலி கட்டிக் கொடுப்பார்கள், பனி தள்ளிக் கொடுப்பார்கள். மைலோ தோட்டா அடைத்தார். வெடித்த பித்தளைக் கூடுகளை ஐம்பது குழி உள்ள மரத்தட்டுகள் இரண்டில் நிறுத்தி, அடியில் பொறி தரும் கேப் பொருத்தி, வெடிமருந்து ஊற்றும் கருவிக்குக் கீழே ஒவ்வொன்றாகக் காட்டினார். கைப்பிடியை மேலே ஏற்றினால் ஒரு பங்கு மருந்து அளந்துகொள்ளும், கீழே இறக்கினால் கூட்டுக்குள் கொட்டும். டப்பா சுடும் தோட்டாவுக்கு மருந்து கொஞ்சம்தான். கூட்டில் பாதிகூட நிறையாது. மூன்று பங்கு ஊற்றினால்தான் வழியும். இரண்டு ஊற்றினால் வெளியே தெரியாது.

அதனால்தான் டார்ச் அடித்துப் பார்ப்பது. ஒவ்வொரு தட்டும் முடிந்ததும் மைலோ மேலிருந்து வெளிச்சம் அடித்து, எல்லாக் கூட்டிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஈயக்குண்டு பொருத்துவார். இளம் வயதிலிருந்து அப்படித்தான்.

முதல் தட்டு முடியும் நேரத்தில் கைபேசி அடித்தது. காரா.

“அப்பா, நேத்து நான் அப்படி எழுந்து போயிருக்கக் கூடாது.”

“பரவால்ல.”

“நீயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“சரி.”

“சரின்னா?”

“சரின்னா சரிதான். புதன்கிழமை சாப்பிட வாங்க. அம்மா முட்டைக்கோஸ் கறி பன் பண்றா.”

பேசி முடித்தபோது அவருக்கு மனசு லேசாக இருந்தது. இரண்டாவது தட்டைக் கருவிக்குக் கீழே இழுத்து வைத்தார்.

புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தார். நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி, ஐம்பது தோட்டா. இன்னொரு பெட்டியைத் தனக்கென்று வைத்துக்கொண்டார்.

ட்ரென்ட் பெட்டியைத் திறந்து பார்த்தான். “மைலோ, போன மாசம் எனக்கு நீங்க ஒரு விதி சொன்னீங்க. ‘அடுத்தவன் அடைச்ச தோட்டாவைச் சுடாதே, அவன் பாதிரியாரா இருந்தாலும்’னு.”

“சொன்னேன்.”

“அப்ப இது?”

“நான் அடுத்தவன் இல்ல,” என்றார் மைலோ.

எல்லோரும் சிரித்தார்கள். அர்டித் காபி ஊற்றினாள்.

மே 15, சனிக்கிழமை. காலையில் காற்று இல்லை. மைலோ தன் பெட்டியையும் ரிவால்வரையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். மண்மேட்டில் இரும்புத் தட்டுகள் தொங்கின. பெட்டியின் இடது மேல் மூலையிலிருந்து வரிசையாக எடுத்துச் சுட்டார். அடைத்த தோட்டாவைப் பெட்டியில் வைப்பதும் அதே வரிசைதான். தட்டுகள் ஒவ்வொன்றாக ஒலித்தன. கடைசித் தோட்டாவுக்கு வந்தபோது ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்டது, புட்டி மூடி திறந்தது போல. தட்டு ஒலிக்கவில்லை.

அவர் ரிவால்வரைத் திறந்து, ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். பாதி வழியில் முட்டியது. ஈயக்குண்டு உள்ளேயே சிக்கியிருந்தது. கூட்டின் உள்பக்கம் கரியே இல்லை. மருந்தில்லாத தோட்டா. கேப் மட்டும் வெடித்துக் குண்டை இரண்டு அங்குலம் தள்ளியிருக்கிறது. இது கடைசியாக இல்லாமல், பின்னாலேயே இன்னொன்று சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும்.

ஆக, தப்பித்தாயிற்று. மண்மேட்டுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த மருந்து எங்கே போயிற்று என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

கருவி அளந்தது உறுதி. கைப்பிடி ஏறி இறங்கியிருக்கிறது. அவர் வாங்கியிருந்த மருந்து தவிடு போலத் தட்டைத் தட்டையாக இருக்கும். மெல்லிய இறங்கு குழாயில் அது சில நேரம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றுவிடும். கூட்டில் ஒன்றும் விழாது. அடுத்த கூட்டுக்குக் கைப்பிடியை இறக்கும்போது அந்த அதிர்ச்சியில் நின்றதும் புதியதும் சேர்ந்து விழும்.

அடுத்த கூடு. இவருடைய பெட்டியில் வலது கீழ் மூலை, கடைசித் தோட்டா, வெறுமை. அதற்கு அடுத்து மருந்து வாங்கியது இரண்டாவது தட்டின் முதல் கூடு. அது நீலப் பெட்டியின் இடது மேல் மூலையில் இருக்கிறது.

டார்ச் அடித்துப் பார்த்தேனா? பார்த்திருப்பேன். எப்போதும் பார்ப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர் நினைவில் திரும்பத் திரும்ப ஓட்டினார். கைபேசி அடித்தது வரை தெளிவாக இருந்தது. பேசி முடித்ததும் இரண்டாவது தட்டை இழுத்ததும் தெளிவாக இருந்தன. நடுவில் டார்ச் இல்லை. இரண்டாவது தட்டுக்கு அடித்த நினைவும் இல்லை.

சமையலறையில் அர்டித் கசகசா பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“காரா எங்க?”

“காலைல செய்தி அனுப்பினாளே. நேத்து துப்பாக்கி வாங்கியாச்சாம். இன்னைக்கு டுவைட்டோட மேய்ச்சல் நிலத்துல, அந்த மணல்குழில, டப்பா சுடப் போறாங்களாம்.”

“எந்தத் துப்பாக்கி?”

“துப்பாக்கின்னுதான் போட்டிருந்தா. உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

அவர் காராவின் எண்ணை அழுத்தினார். செய்தியைப் பதிவு செய்யச் சொன்னது ஒரு குரல். ட்ரென்ட்டின் எண்ணும் அதையே சொன்னது. அந்த மணல்குழியில் எந்தக் காலத்திலும் சிக்னல் கிடைத்ததில்லை. அர்டித் மாவுக் கையோடு நிலத்துக்காரன் டுவைட் வீட்டுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் வாரம். அக்கம்பக்கத்துப் பண்ணை ஆட்கள் எல்லோரும் யாராவது ஒருவர் பட்டியில் கூடியிருப்பார்கள்.

மைலோ வெண்டலுக்கு அடித்தார்.

“வெண்டல், என் பொண்ணு எதை வாங்கினா?”

“நேத்தா? நான் கடைல இல்லப்பா, பல் பிடுங்கப் போயிருந்தேன். மச்சான் இருந்தான்.”

“கறுப்பு இருக்கா, பித்தளை இருக்கா, பாத்துச் சொல்லு.”

வெண்டல் நடந்து போகும் காலடி கேட்டது. “ரெண்டும் இல்ல. ரெண்டும் வித்துட்டான், பரவால்லியே! ஏன், என்ன?”

“மச்சானைக் கேளு.”

“அவன் ஏரில மீன் பிடிக்கிறான். போன் கார்லதான் கிடக்கும்.”

மைலோ வண்டிச் சாவியை எடுத்தார். அர்டித் ஏப்ரனைக் கழற்றாமலே பின்னால் வந்தாள்.

மைலோ வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றினார். ஏறியதும் எல்லாவற்றையும் சொன்னார். அர்டித் நடுவில் பேசாமல் கேட்டாள். அது அவள் வழக்கம் இல்லை.

“போலீஸ் டெபுடியைக் கூப்பிடவா?”

“அவன் மாவட்டத்துக்கு அந்தக் கோடில இருப்பான். அவன் வர்றதுக்குள்ள நாம போயிருவோம்.”

“ரெண்டு பங்கு மருந்து இருந்தா என்ன ஆகும்?”

“கறுப்பா இருந்தா ஒண்ணும் ஆகாது. பெருசா உதைக்கும், ட்ரென்ட் கெட்ட வார்த்தை சொல்வான். அது அண்ணன் தோட்டாவுக்கே செஞ்ச துப்பாக்கி.”

“பித்தளையா இருந்தா?”

மைலோ வேகத்தைக் கூட்டினார்.

“மைலோ, கேக்கறேன்ல?”

“பின்பக்கம் பிச்சுக்கிட்டு வரும். அவ கன்னம் அதுக்கு மேலதான் இருக்கும்.”

அர்டித் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். காய்ந்த மாவு உதிர்ந்தது. “அவ பித்தளையைத்தான் வாங்கியிருப்பா.”

“அப்படிச் சொல்ல முடியாது. யோசிக்கிற பொண்ணு.”

“நீ வேண்டாம்னு சொன்னதை அவ வாங்காம இருந்திருக்காளா? அந்த மஞ்சள் குதிரை? அந்த ட்ரம்ஸ்? ட்ரென்ட்?”

“ட்ரென்ட்டை நான் வேண்டாம்னு சொல்லலியே.”

“மூஞ்சி சொல்லிச்சு.”

நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி மணல் தடத்தில் திரும்பினார்கள். முதல் கேட் வந்தது. அங்கெல்லாம் கேட் என்பது கதவு இல்லை. முள்கம்பியும் நாலு குச்சியும். இழுத்துக் கட்டிய கம்பி வளையத்தைத் தோளால் நெட்டித் தளர்த்திக் கழற்ற வேண்டும், வண்டி போனதும் அதேபோல நெட்டி மாட்ட வேண்டும். அதைச் செய்வது பக்கத்து இருக்கையில் இருப்பவர் வேலை. அர்டித்துக்கு இடுப்பு எலும்பு மாற்றியதிலிருந்து அவளால் முடியாது. மைலோ இறங்கித் திறந்தார். வண்டியை ஓட்டி உள்ளே நிறுத்தினார். இறங்கி மூடினார். அவசரத்தில் வளையம் இரண்டு தரம் நழுவியது.

“விட்டுட்டு வாயேன்,” என்றாள் அர்டித்.

“கேட்டை விட்டுட்டா?” என்றார் மைலோ. அவரை அறியாமல் வந்த பதில். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடி விடு, மூடியிருந்ததை மூடு. காராவுக்குப் பேச்சு வந்தபோதே அதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். மூன்று வயதில் அவள் வீட்டுக் கழிப்பறைக் கதவுக்கும் அந்த விதியைப் பின்பற்றினாள்.

இரண்டாவது கேட்டையும் திறந்து மூடினார். மறுபடி ஏறி உட்கார்ந்தபோது அவருக்கு இன்னொன்று தோன்றியது.

“அவ எந்தப் பக்கத்துலேர்ந்து எடுப்பா?”

“என்ன எந்தப் பக்கம்?”

“பெட்டிலேர்ந்து. தோட்டாவை.”

அர்டித் யோசித்தாள். “இடக்கைக்காரி. சாக்லெட் பெட்டியை வச்சா வலது கீழ்மூலைலதான் கை வைப்பா. கடைசி வரைக்கும் அப்படியே வரிசையா மேல போவா.”

மைலோ மனதுக்குள் பெட்டியைப் பார்த்தார். வலது கீழ்மூலையில் தொடங்கினால் இடது மேல் மூலை கடைசி. அந்தத் துப்பாக்கிகளில் தோட்டாக் குழாய் பத்துப் பிடிக்கும். ஐந்து முறை நிரப்பினால் பெட்டி காலி. ஐந்தாவது முறையில் கடைசியாக உள்ளே போவது அது.

“அப்ப நேரம் இருக்குல்ல?” என்றாள் அர்டித். “கடைசித் தோட்டான்னா கடைசியாத்தானே வெடிக்கும்?”

“இல்ல. அது குழாய். கடைசியாப் போனது வாசல்ல நிக்கும். முதல்ல வெளிய வரும்.” அவர் மணலுக்காகக் கியரை மாற்றினார். “அஞ்சாவது தடவை நிரப்பினதும் முதல் வெடி அதுதான்.”

“இப்ப எத்தனாவது தடவைல இருக்காங்க?”

வண்டி மணலில் புதைந்து புதைந்து ஏறியது. கண்ணாடியை இறக்கினார்கள். சில்வண்டும் இஞ்சினும் மட்டும் கேட்டன. பிறகு, குன்றுக்கு அப்பாலிருந்து, பலகையில் ஆணி அடிப்பது போல ஒரு சத்தம். இன்னொன்று. லீவர் இழுக்கும் இடைவெளி விட்டு இன்னொன்று.

“சுடுறாங்க,” என்றாள் அர்டித். “சுட்டா நல்லதுதானே? சுட்டா இன்னும் வரலைன்னுதானே அர்த்தம்?”

“ஆமா.”

“அப்ப சுடட்டும். கடவுளே, சுடட்டும்.”

இன்னும் மூன்று கேட்டன. பிறகு நின்றுவிட்டது.

அந்த அமைதியின் பொருள் இருவருக்கும் தெரியும். நிரப்புகிறார்கள். பத்துத் தோட்டாவைப் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். வேகமான ஆள் அரை நிமிடத்தில் முடிப்பான். பேசிக்கொண்டே செய்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும்.

குன்றின் உச்சியில் மூன்றாவது கேட். மைலோ குதித்து இறங்கி வளையத்தைக் கழற்றி, கம்பிகளையும் குச்சிகளையும் அப்படியே புல்லில் எறிந்தார். வண்டியில் ஏறி அதன் மேலேயே ஓட்டினார்.

“மைலோ, கேட்!”

அவர் நிற்கவில்லை.

உச்சியைத் தாண்டியதும் கீழே மணல்குழி தெரிந்தது. காற்று தோண்டிய பெரிய கிண்ணம். எதிர்ச் சரிவில் பழைய வேலிக் கட்டையின்மேல் டப்பாக்கள். இந்தப் பக்கம் ஒரு மடக்கு மேசை, நீலப் பெட்டி, இரண்டு பேர். காராவின் கையில் இருந்தது வெயிலில் மஞ்சளாகப் பளிச்சிட்டது.

மைலோ ஹாரனை அழுத்தினார். கையை எடுக்காமல் அழுத்தினார்.

மணல்குன்றுப் பகுதியில் ஹாரன் அடித்தால் யாரும் பதறுவதில்லை. மாட்டைத் தீவனத்துக்குக் கூப்பிடும் முறை அது. ட்ரென்ட் திரும்பிப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். காதில் அடைப்பான் மாட்டியிருந்தான். காராவும் திரும்பினாள். அப்பாவின் வண்டி என்று தெரிந்ததும் சிரித்தாள். துப்பாக்கியை ஒரு கையால் தூக்கி, பித்தளையை அவருக்கு நன்றாகத் தெரியும்படி திருப்பிக் காட்டினாள். பிறகு டப்பாக்களின் பக்கம் திரும்பினாள். லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தாள். தோளில் வைத்தாள்.

“காட்டப் போறா,” என்றாள் அர்டித். “உனக்குச் சுட்டுக் காட்டப் போறா.”

மைலோ ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார். அந்தத் தூரத்துக்கு அது ஒன்றுமில்லை. அர்டித் தாவி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் ஹாரனை விடாமல் அழுத்தினாள்.

காரா கன்னத்தைக் கட்டையில் பதித்தவள், மறுபடி தலையைத் தூக்கினாள். அவள் வண்டியைப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால், குன்றின் உச்சியைப் பார்த்தாள்.

அங்கே டுவைட்டின் கிடாரிகள் வந்துகொண்டிருந்தன. காற்றாலையின் தண்ணீர்த் தொட்டியருகே நின்றவை, ஹாரன் கேட்டுத் தீவனம் என்று நினைத்து, திறந்த கேட் வழியே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இறங்கின. கேட் இருந்த இடத்தில் இரண்டு கம்பங்களும் நடுவே வானமும் தெரிந்தன. அப்பா மூடாமல் விட்ட கேட்டை அவள் அதுவரை பார்த்ததில்லை.

காரா துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினாள். குழலை மணலைப் பார்த்துப் பிடித்தபடி, காதடைப்பானை இழுத்துக் கழுத்தில் விட்டாள்.

“யாரு செத்துட்டாங்க?” என்று கேட்டாள். அப்பா ஓடி வந்து நின்றபோது அவள் முதலில் கேட்டது அதுதான்.

மைலோ துப்பாக்கியை நோக்கிக் கையை மட்டும் நீட்டினார்.

“அப்பா, யாருன்னு சொல்லு. அம்மா வண்டில இருக்கா, அப்ப சித்தியா?”

“அதைத் திற,” என்றார். “சுடாத. மெதுவாத் திற.”

அவள் லீவரைக் கீழே தள்ளினாள். ஒரு தோட்டா மேலே துள்ளி மணலில் விழுந்தது. மைலோ மண்டியிட்டு அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். மேசையில் இருந்த நீலப் பெட்டி காலியாக இருந்தது.

“இன்னும் ஒம்பது உள்ள இருக்கு,” என்றாள் காரா. “என்ன நடக்குது?”

“எல்லாத்தையும் வெளிய எடு.”

ட்ரென்ட் கிட்டே வந்தான். “மைலோ, நீங்க கேட்டை மூடலை,” என்றான், உதவியாக இருக்கும் என்று நினைத்து.

“தெரியும்டா,” என்றார் மைலோ.

கிடாரிகள் அவர்களைச் சூழ்ந்து நின்று வண்டியின் பின்பக்கத்தை முகர்ந்தன. தீவனம் இல்லை என்று தெரிந்ததும் சிதறிப் போகத் தொடங்கின. அர்டித் ஏப்ரனை உதறி அவற்றை மடக்கப் பார்த்தாள். மைலோ விஷயத்தைச் சொல்லி முடித்தபோது, காரா துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு அதிலிருந்து கொஞ்சம் விலகி நின்றாள். வலது கையால் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

“கறுப்பை வாங்கியிருந்தா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் ஆகியிருக்காது.”

“சரி. சொல்லிடு.”

“எதை?”

“நான் அப்பவே சொன்னேன்னு.”

“தோட்டாவை அடைச்சது நான்,” என்றார் மைலோ. “போய் மாட்டை மடக்கு, ஓடுது பார்.”

மாடு மடக்குவதில் மதியம் முழுவதும் போயிற்று. சாயங்காலம் கராஜில் ட்ரென்ட் டார்ச் பிடித்துக்கொண்டிருக்க, மைலோ அந்தத் தோட்டாவின் ஈயக்குண்டைத் தட்டிக் கழற்றி, மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டினார். இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. மற்ற ஒன்பதிலும் ஒரு பங்கு.

டுவைட்டின் கிடாரிகளில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை மாலைதான் கிடைத்தது. ஜூலைக் கடைசியில் வெண்டல் கடைக்குத் தொழிற்சாலையில் செய்த முப்பத்தெட்டு தோட்டா வந்தது. ஆளுக்கு இரண்டு பெட்டிக்கு மேல் கிடையாது என்றான். ட்ரென்ட் இரண்டு பெட்டி வாங்கினான். பித்தளைத் துப்பாக்கி காராவிடமே இருக்கிறது.